சீனியர் வகுப்பில் காலேஜ் எஸ்ஸேயும் இலக்கியமும்: புதிதாக வரும் ஆசிரியருக்கு

இந்தியாவில் ஆங்கில இலக்கியம் படித்து, அமெரிக்காவுக்கு வந்து ஆசிரியர் உரிமம் வாங்கி, வரும் ஆகஸ்டில் ஒரு பொதுப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலம் எடுக்கப்போகிறவர், காலேஜ் எஸ்ஸே (கல்லூரி விண்ணப்பத்தோடு மாணவர் தன்னைப் பற்றி எழுதி அனுப்பும் கட்டுரை) பற்றிக் கேட்டிருக்கும் கேள்வி இது: "முதல் ஆறு வாரம் காலேஜ் எஸ்ஸே, அப்புறம் இலக்கியம் என்று பாடத்திட்டத்தில் போட்டிருக்கிறார்கள். இலக்கியத்தை நான் பார்த்துக்கொள்வேன். 17 வயதுப் பிள்ளைகளைத் தங்களைப் பற்றி எழுதவைப்பது எப்படி? அதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லையே."

எனக்கும் யாரும் சொல்லித்தரவில்லை. இங்கே 19 வருடமாக சீனியர்களுக்கு வகுப்பெடுக்கிறேன். முதல் நாலைந்து வருடம் அந்த ஆறு வாரத்தைத் தனிப் பாடமாகத்தான் நடத்தினேன். செப்டம்பரில் "உன்னைப் பற்றிச் சொல்" என்பேன். அக்டோபர் நடுவில் அதை மூடி வைத்துவிட்டு "ஹாம்லெட்டைப் பற்றிச் சொல்" என்பேன். பிள்ளைகள் இரண்டையும் சுமாராகச் செய்தார்கள். இலக்கிய வகுப்பில் பிறர் எழுத்தைப் பார்த்து நாம் கேட்கும் கேள்விகள் சில உண்டு. இந்த வார்த்தை ஏன் இங்கே இருக்கிறது? இதைச் சொல்வது யார், எந்த வயதில் நின்று சொல்கிறார்? எதைச் சொல்லாமல் விட்டிருக்கிறார்? இதே கேள்விகளைப் பிள்ளைகள் தங்கள் டிராஃப்டைப் பார்த்துக் கேட்கப் பழகினால் அதுதான் எஸ்ஸே பயிற்சி. இது எனக்குப் பிடிபட ரொம்ப வருடம் ஆயிற்று. தெரியாது என்று நீங்கள் பயப்படும் பாதி, உங்களுக்குத் தெரிந்த பாதிக்குள்ளேயே இருக்கிறது.

முதலில் காலக்கணக்கு. காமன் ஆப் (பல கல்லூரிகளுக்கும் சேர்த்து ஒரே இடத்தில் விண்ணப்பிக்கும் இணையதளம்) ஒவ்வொரு வருடமும் ஆகஸ்ட் 1 அன்று திறக்கும். அதில் எஸ்ஸே 250 வார்த்தைக்குக் குறையக்கூடாது, 650ஐத் தாண்டக்கூடாது. ஏழு ப்ராம்ப்ட், அதாவது எழுதுவதற்கான கேள்வி, இருக்கும். ஏழாவது, எதைப் பற்றி வேண்டுமானாலும் எழுதலாம் என்பது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் (யூசி) கல்லூரிகளுக்கு வேறு கணக்கு: எட்டுக் கேள்வியில் நாலைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றுக்கும் 350 வார்த்தைக்குள் பதில். அது நேர்முகத் தேர்வில் பேசுவதைப் போல. கேட்டதற்கு நேராகப் பதில் சொன்னால் போதும், கதை சொல்லும் சாமர்த்தியம் அங்கே அவ்வளவாகத் தேவைப்படாது. முன்கூட்டியே அனுப்பும் 'ஏர்லி' விண்ணப்பங்களுக்குப் பெரும்பாலும் நவம்பர் 1 அல்லது 15, மற்றவற்றுக்கு ஜனவரி தொடக்கம். பள்ளி திறந்ததிலிருந்து எண்ணினால் உங்கள் கையில் உண்மையில் இருப்பது இரண்டு மாதம். ஐந்து பிரிவு, பிரிவுக்கு 26 பேர் என்றால் 130 எஸ்ஸே. இந்த எண்ணை மனதில் வைத்துக்கொண்டே மேலே படியுங்கள். நான் சொல்பவற்றில் பாதி இந்த எண்ணுக்குப் பயந்து கண்டுபிடித்தவை.

முதல் இரண்டு வாரம் ப்ராம்ப்டுகளைக் கண்ணில் காட்டாதீர்கள். 'நீ சந்தித்த ஒரு தோல்வி', 'உன்னை மாற்றிய ஓர் அனுபவம்' என்று கேள்வியை நீட்டினால், பிள்ளை தன் வாழ்க்கையில் அதற்குப் பொருந்துகிற பெரிய சம்பவத்தைத் தேடும். கிடைப்பது எல்லோருக்கும் கிடைக்கிற ஒன்றாகவே இருக்கும்: காலில் அடிபட்டது, மேட்ச் தோற்றது, தாத்தா இறந்தது, வெளிநாட்டில் ஒரு வாரம் சேவை செய்தது. நம் வீட்டுப் பிள்ளைகள் என்றால் மதிய உணவு டப்பாவைத் திறந்ததும் பக்கத்துப் பிள்ளை மூக்கைச் சுளித்த கதை. இவற்றில் எதையும் எழுதக்கூடாது என்று சொல்லமாட்டேன். அந்த டப்பாக் கதையில்கூட, சுளித்த பிள்ளையின் பெயர் என்ன, மறுநாள் நீ எங்கே போய் உட்கார்ந்தாய் என்று கேட்டால், திடீரென்று அது ஒரே ஒருவருக்கு மட்டும் நடந்த கதையாகிவிடும். சிக்கல் என்னவென்றால், ப்ராம்ப்டை முன்னால் வைத்துவிட்டால் பிள்ளை அந்தக் கேள்வி வரைக்கும் போகவே போகாது.

அந்த இரண்டு வாரம் என்ன செய்வது? ஒரு கவிதை படியுங்கள். நான் எடுப்பது ராபர்ட் ஹேடனின் 'தோஸ் வின்டர் சண்டேஸ்'. 14 வரிதான். குளிர்காலத்து விடியலில் அப்பா எழுந்து, வெடித்துப்போன கைகளால் அடுப்பு மூட்டி வீட்டைச் சூடாக்குகிறார். மகனின் ஷூவைக்கூடப் பாலிஷ் போட்டு வைக்கிறார். யாரும் நன்றி சொன்னதில்லை. வளர்ந்த மகன் இப்போது திரும்பிப் பார்க்கிறான். வகுப்பில் முதல் வரியின் இரண்டாவது வார்த்தையில் மட்டும் அரை மணி நேரம் நிற்பேன். ஞாயிற்றுக்கிழமை அப்பா சீக்கிரம் எழுந்தார் என்று ஹேடன் எழுதவில்லை. ஞாயிற்றுக்கிழமை'யும்' எழுந்தார் என்று எழுதினார். ஆங்கிலத்தில் அந்த 'உம்'தான் இரண்டாவது வார்த்தையான 'டூ' (too). அதை எடுத்துவிட்டுப் படிக்கச் சொல்லுங்கள். அப்பா ஒருநாள் வேலைக்காரர் ஆகிவிடுவார். திரும்பச் சேர்த்துப் படியுங்கள். சொல்லப்படாத ஆறு நாளும் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். நமக்கு இது புதிதா என்ன? எச்ச உம்மை என்று பெயர் வைத்துப் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தோம். ஒற்றை 'உம்' ஒரு குடும்பத்தின் ஒரு வாரத்தையே தூக்கிவரும் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் இலக்கண வகுப்பில் இன்னும் கொஞ்சம் விழித்திருந்திருப்பேன்.

அது முடிந்ததும், அன்றைக்கே, ஒரு வேலை கொடுங்கள். வீட்டில் யாராவது ஒருவர், யாரும் பார்க்காதபோதும் செய்கிற ஒரு காரியம். ஐந்து வாக்கியம். 'அன்பு', 'தியாகம்', 'கடின உழைப்பு' மாதிரி வார்த்தைகளுக்குத் தடை. அன்று வருகிற 130 தாளில் குறைந்தது 80 தாள், பிறகு அந்தப் பிள்ளைகள் எழுதப்போகிற முதல் 'நிஜ' எஸ்ஸேயைவிட நன்றாக இருக்கும். அவற்றைத் திருத்தாதீர்கள். பத்திரமாக எடுத்து வையுங்கள்.

ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் வேண்டாம், அடையாளங்களையும் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன். நீச்சல் அணியில் இருந்தவன். முதல் டிராஃப்ட் முழுக்க விடாமுயற்சி. அதிகாலைப் பயிற்சி, தோள் வலி, கடைசியில் வெற்றி, 'என் எல்லைகளை நானே உடைத்தேன்'. ஆனால் இரண்டாவது பத்தியில் ஒரு வாக்கியம் பாதி ஓட்டத்தில் வந்து போயிற்று: அப்பா மேலே கேலரியில் உட்கார்ந்து, தன் ஸ்டாப்வாட்ச்சில் நேரம் பார்ப்பாராம். நான் அந்த வரியை மட்டும் அடிக்கோடிட்டு, "போர்டில்தான் நேரம் வருமே, அப்பா எதற்குத் தனியாகப் பார்க்கிறார்?" என்று ஓரத்தில் எழுதினேன். அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அப்பாவின் வாட்ச்சில் எப்போதும் இரண்டு மூன்று பத்தில் ஒரு பங்கு வினாடி குறைவாகத்தான் காட்டும், ஏனென்றால் ஒலி கேட்டு விரல் அழுத்துவதற்குள் பந்தயம் ஆரம்பமாகிவிடும். அப்பா அதை நம்புவார். ஒரு நோட்டில் தேதி போட்டுத் தன் எண்ணைத்தான் குறித்து வைப்பார். போர்டு சொல்வது தப்பு என்பார். அந்த நோட்டின்படி இவன் மாநிலப் போட்டிக்குத் தகுதி பெற்றுவிட்டான், போர்டின்படி இல்லை.

"நோட்டைப் பார்த்திருக்கிறாயா?" என்று கேட்டேன். போன வருடம்தான் முதன்முதலில் பார்த்தானாம். "பார்த்தபோது கோபம் வந்ததா, வேறு ஏதாவதா?" கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "இரண்டும்" என்றான். அவ்வளவுதான் நான் செய்த வேலை. மூன்று கேள்வி. அடுத்த டிராஃப்டில் விடாமுயற்சியைக் காணோம். ஒரு நோட்டும், இரண்டு விதமான நேரமும், நடுவில் ஒரு மகனும் இருந்தார்கள். கடைசிப் பத்தியில் 'இதிலிருந்து நான் கற்றது' என்று ஆரம்பித்திருந்தான். ஹேடன் கவிதை எப்படி முடிகிறது என்று போய்ப் பார்த்துவிட்டு வா என்றேன். அந்தக் கவிதை பாடம் எதையும் சொல்லாது. எனக்கு என்ன தெரியும், எனக்கு என்ன தெரியும் என்று இரண்டு தடவை கேட்டுவிட்டு நின்றுவிடும். அவனே அந்தப் பத்தியை அடித்துவிட்டான்.

உங்களுக்கு வசதியான இன்னொரு உதாரணம் நம் மொழியிலேயே இருக்கிறது. உ.வே.சா.வின் 'என் சரித்திரம்'. 1880 அக்டோபர் 21, கும்பகோணத்தில் முன்சீபாக இருந்த சேலம் ராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்கிறார் முதலியார். 25 வயது வித்வான், மகாவித்வான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவர், கல்லூரி ஆசிரியர். அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், கோவைகள், புராணங்கள் என்று அடுக்கிக்கொண்டே போகிறார். முதலியாருக்கு வியப்பே வரவில்லை. இதனால் என்ன பிரயோசனம் என்று கேட்டுவிடுகிறார். சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்க, இவருக்குப் பதில் இல்லை. ஏழு வருடம் கழித்து, 1887இல், அதே சிந்தாமணியைப் பதிப்பித்து வெளியிட்டவர் இவர்தான். தன் பெருமை உடைந்த அந்தப் பேச்சை அறுபது வருடம் கழித்து எழுதும்போதும், பட்டியலைச் சுருக்காமல், முழுசாக அடுக்கிவிட்டுத்தான் உடைக்கிறார். கர்வம் எத்தனை உயரத்தில் இருந்தது என்று நமக்குத் தெரிந்தால்தானே விழுந்த சத்தம் கேட்கும்? இந்தக் கதையை நான் வகுப்பில் ஆங்கிலத்தில் வாய்வழியாகச் சொல்வேன். காலேஜ் எஸ்ஸேயில் தங்கள் சாதனைகளை அடுக்கத் துடிக்கிற பிள்ளைகளுக்கு இது நன்றாகப் புரிகிறது. அடுக்கலாம், தாராளமாக. அப்புறம் யாராவது ஒருவர் 'சரி, இதனால் என்ன?' என்று கேட்கவேண்டும்.

இனி கை வைப்பது பற்றி. எஸ்ஸேயில் நம் கை எவ்வளவு படலாம்? என் முதல் வருடங்களில், வேறொரு பள்ளியில், ஒரு மாணவியின் எஸ்ஸேயை ஏழு தடவை திருத்தினேன். வாக்கியம் வாக்கியமாக. அழகாக வந்துவிட்டது என்று எனக்கே பெருமை. வகுப்பில் வாசிக்கச் சொன்னேன். மூன்றாவது வரியில் ஒரு வார்த்தை. அவளுக்கு அதை உச்சரிக்க வரவில்லை. நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அந்த வார்த்தை என்னுடையது. அந்த வாக்கியமும் என்னுடையது. யோசித்துப் பார்த்தால், அவளுடையது என்று அதில் மிச்சமிருந்தது ஒரு நாயின் பெயர்தான். அன்றிலிருந்து ஒரு விதி வைத்திருக்கிறேன்: ஓரத்தில் நான் எழுதுவது எல்லாமே கேள்விக்குறியில் முடியவேண்டும். எழுத்துப்பிழை, கமா இதெல்லாம் கடைசி டிராஃப்டில், அதுவும் வட்டம் மட்டும் போடுவேன். என்ன தப்பு என்று அவர்களே கண்டுபிடிக்கட்டும்.

130 பேருக்கு இது எப்படிக் கட்டுப்படியாகும் என்று கேட்பீர்கள். ஒரு பிள்ளையின் எஸ்ஸேயை நான் இரண்டே தடவைதான் முழுசாகப் படிப்பேன். முதல் டிராஃப்டில் ஒரு வரியை அடிக்கோடிட்டு ஒரு கேள்வி. அப்புறம் நேரில் ஆறு நிமிடம், மற்றவர்கள் படித்துக்கொண்டிருக்கும்போது என் மேஜைக்குப் பக்கத்தில். அந்த ஆறு நிமிடத்தில் பிள்ளைதான் எஸ்ஸேயைச் சத்தமாக வாசிக்கும், நான் கேட்பேன். எங்கே குரல் தடுமாறுகிறதோ அங்கே ஒரு பொய் இருக்கிறது, அல்லது இன்னும் சொல்லாத ஒரு விஷயம் இருக்கிறது. வகுப்புக்கு நாலு பேர் என்று வைத்துக்கொண்டால் ஏழு வகுப்பில் முடிந்துவிடும். இரண்டாவது வாசிப்பு, அனுப்புவதற்கு ஒரு வாரம் முன்னால். நடுவில் எத்தனை டிராஃப்ட் வந்தாலும் அவை ஜோடி ஜோடியாகச் சகமாணவர்களிடம் போகும். சகமாணவர்களுக்கும் ஒரே வேலைதான்: உனக்கு இன்னும் தெரிந்துகொள்ளவேண்டும் என்று தோன்றுகிற ஓர் இடத்தைக் காட்டு. 'சூப்பரா இருக்கு' என்று எழுதினால் தாள் திரும்பி வரும்.

இந்தியாவில் படித்தவர்களுக்கு எளிதில் தோன்றாத ஒரு விஷயம் உண்டு. இங்கே ஆசிரியர்கள் சட்டப்படி புகாரளிக்கக் கடமைப்பட்டவர்கள். ஒரு பிள்ளைக்கு வீட்டிலோ வெளியிலோ கொடுமை நடக்கிறது என்று நியாயமான சந்தேகம் வந்தால் நாம் தெரிவித்தே ஆகவேண்டும். எல்லா மாநிலத்திலும் இது உண்டு. தன்னைப் பற்றி எழுதச் சொல்லும்போது அப்படி ஏதாவது வரத்தான் செய்யும். ஆகவே முதல் நாளே, எழுத ஆரம்பிப்பதற்கு முன்னால், இதை வகுப்பில் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் வைத்திருந்து, ஒரு பிள்ளை நம்பி எழுதியதைப் பள்ளியின் மாணவர் ஆலோசகரிடம் கொண்டுபோனால், அந்தப் பிள்ளையின் நம்பிக்கை திரும்ப வராது. கூடவே இன்னொன்றும் சொல்வேன்: உன் காயத்தை யாருக்கும் காட்டவேண்டிய கட்டாயம் இல்லை. துன்பம்தான் நல்ல எஸ்ஸே என்று ஒரு வதந்தி வருடா வருடம் ஹால்வேயில் சுற்றும். பஸ் ரூட்களின் மேல் பைத்தியமாக இருக்கும் பையன் அதைப் பற்றி எழுதியதை நான் சிரித்துக்கொண்டே இரண்டு தடவை படித்திருக்கிறேன்.

இனம் பற்றி எழுதலாமா என்ற கேள்வி 2023 ஜூனுக்குப் பிறகு நிறைய வருகிறது. சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுக்கும் முறையை உச்ச நீதிமன்றம் அப்போது தடுத்தது. ஆனால் இனம் தன் வாழ்க்கையை எப்படிப் பாதித்தது என்று மாணவர் எழுதுவதைக் கல்லூரிகள் கருத்தில் கொள்ளத் தடையில்லை என்றும் அதே தீர்ப்பில் தலைமை நீதிபதி எழுதியிருக்கிறார். எழுதலாம். எழுதியே தீரவேண்டியதில்லை. இதற்கு மேல் நான் எதுவும் சொல்வதில்லை.

பெற்றோர் பற்றி ஒரு வார்த்தை. அக்டோபரில் மின்னஞ்சல் வரும்: 'லீடர்ஷிப் பற்றி ஒன்றுமே இல்லையே?' நம் ஊர்க்காரர்களிடமிருந்து கொஞ்சம் அதிகமாகவே வரும். சாதனைப் பட்டியலுக்கு விண்ணப்பத்தில் தனி இடம் இருக்கிறது, இது அதற்கான இடமில்லை என்று மரியாதையாகப் பதில் போடுங்கள். ஏஐ பற்றியும் கேட்பார்கள். ஏஐ எழுதிய உள்ளடக்கத்தைத் தன்னுடையதாகக் காட்டுவதைக் காமன் ஆப் மோசடிக் கணக்கில்தான் வைத்திருக்கிறது, அது போதுமான பதில். வகுப்பில் எனக்கு அது பெரிய தலைவலியாக இல்லை. ஆறு நிமிடம் எதிரில் உட்கார்ந்து 'நோட்டின் அட்டை என்ன நிறம்?' என்று கேட்டால் தெரிந்துவிடும்.

சரி, இலக்கியப் பக்கம் வருவோம். அக்டோபர் நடுவில் எஸ்ஸேயை மூடிவிட்டு ஹாம்லெட்டைத் திறப்பது என்று உங்கள் திட்டத்தில் இருக்கும். மூடாதீர்கள். எஸ்ஸே இன்னும் சூடாக இருக்கும்போதே ஹாம்லெட்டின் இரண்டு தனிமொழிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இரண்டாம் அங்கத்தின் முடிவில் வருவது, 'இப்போது நான் தனியாக இருக்கிறேன்' என்று தொடங்கி, தன்னைப் போக்கிரி, அடிமை என்று திட்டிக்கொள்வது. வரிக்கு வரி 'ஐ', 'மீ', 'மை'. அதற்கு அடுத்த காட்சியிலேயே, மூன்றாம் அங்கத்தின் தொடக்கத்தில், உலகமே மனப்பாடம் செய்த 'டு பி ஆர் நாட் டு பி'. அதில் 'ஐ'யை வட்டமிடச் சொல்லுங்கள். பிள்ளைகள் தேடுவார்கள், தேடுவார்கள். தான் காதலித்த ஒபீலியாவைப் பார்த்து அவன் பேச்சைத் திருப்பும் வரைக்கும் ஒரு 'ஐ'யும் கிடையாது. 'நாம்', 'நமக்கு' என்றுதான் பேசுகிறான். ஒரு மனிதன் தன் சாவைப் பற்றி யோசிக்கிற இடத்தில் 'நான்' ஏன் காணாமல் போயிற்று? வகுப்பில் ஒரு பெண் சொன்னாள்: "ரொம்ப பயமாக இருக்கும்போது நானும் 'எல்லோரும்' என்றுதான் சொல்வேன்." அதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரிந்த விமர்சகர்களிடம்கூட இல்லை. உடனே அவரவர் எஸ்ஸேயை எடுக்கச் சொல்லி, 'எல்லோரும்', 'வாழ்க்கையில் நாம்', 'சமூகம்' என்று ஒளிந்துகொண்ட இடங்களைத் தேடச் சொன்னேன். அன்று வகுப்பு ரொம்ப அமைதியாக இருந்தது.

'ஃபிராங்கன்ஸ்டைன்' உங்கள் பட்டியலில் இருந்தால் அதிர்ஷ்டம். மேரி ஷெல்லி 1818இல் வெளியிட்டது. கதைக்குள் கதைக்குள் கதை. வால்ட்டன் தன் சகோதரிக்குக் கடிதம் எழுதுகிறான், அதற்குள் விக்டர் பேசுகிறான், விக்டருக்குள் அவன் உயிர்கொடுத்து உருவாக்கிய படைப்பு பேசுகிறது. விக்டர் வாயால் கேட்டால் அது பிசாசு. அதன் வாயால் கேட்டால், ஒரு குடும்பத்தைச் சுவர் இடுக்கு வழியாகப் பார்த்தே பேசக் கற்றுக்கொண்ட தனிமை. நாவலில் இந்த இடத்துக்கு வந்ததும் ஒரு வேலை: உன் எஸ்ஸேயில் வருகிற இன்னொருவரின் வாயால் அதே சம்பவத்தை ஒரு பக்கம் எழுது. நீச்சல்காரப் பையன் அப்பாவாக எழுதினான். அதை இங்கே சொல்லப்போவதில்லை, அது அவனுடையது. ஒன்று மட்டும்: அப்பாவின் வாட்ச் ஏன் அவருக்கு முக்கியம் என்று அந்தப் பக்கத்தை எழுதும்போதுதான் அவனுக்குத் தெரிந்தது.

இலக்கியக் கட்டுரையில் பிள்ளைகள் செய்வது ஒரே தப்புதான், கதையைத் திரும்பச் சொல்வது. ஏபி லிட்டரேச்சர் (பள்ளியிலேயே படிக்கும் கல்லூரி நிலை இலக்கியப் பாடம்) எடுக்கிற பிள்ளைகள் இருந்தால், அதன் தேர்வின் மதிப்பெண் கணக்கைக் காட்டுங்கள். மூன்று கட்டுரை, ஒவ்வொன்றும் ஆறு மதிப்பெண்: வாதத்துக்கு ஒன்று, சான்றுக்கும் அதை விளக்குவதற்கும் நாலு, நுட்பத்துக்கு ஒன்று. பிள்ளைகள் அந்தக் கடைசி ஒன்றைத் துரத்திக்கொண்டு பெரிய பெரிய வார்த்தைகளாகப் போடுவார்கள். நாலு கீழே சும்மா கிடக்கும். அந்த நாலுக்கு வழி, ஹேடனின் 'உம்' வகுப்பில் செய்ததுதான். நான் அக்டோபர் முதல் டிசம்பர் வரை முழுநீளக் கட்டுரையே கேட்பதில்லை. ஒரு வார்த்தையைப் பற்றி ஒரு பத்தி, வாரம் ஒன்று. வார்த்தையை எடு, அதை மாற்றிப் பார், என்ன இழந்தோம் என்று சொல். ஒன்பதாம் வகுப்பிலிருந்தே ஐந்து பத்திக் கட்டுரையில் ஊறி வருபவர்களுக்கு முதலில் கை நடுங்கும். 'முன்னுரை எங்கே?' என்பார்கள். வேண்டாம் என்பேன். ஐந்து பத்தி வடிவம் கெட்டது என்று நான் சொல்லவில்லை. சின்ன சைக்கிளின் பக்கச் சக்கரம் அது. 17 வயதில் கழற்றவேண்டும்.

சொல்லாமல் விடுவது என்று மேலே ஒரு கேள்வி சொன்னேனே, அதற்கு ஃபிரெடரிக் டக்ளஸைவிட நல்ல ஆசிரியர் கிடையாது. 1845இல் வந்த அவருடைய சுயசரிதையில், அடிமையாக இருந்தபோது பால்டிமோர் தெருவில் படிக்கக் கற்ற கதை வருகிறது. எஜமானி எழுத்து சொல்லித்தர ஆரம்பித்து, கணவன் தடுத்ததும் நிறுத்திவிடுகிறாள். டக்ளஸ் வீட்டிலிருந்து ரொட்டியை எடுத்துக்கொண்டு போய், தெருவில் பசியோடு திரியும் வெள்ளைக்காரச் சிறுவர்களுக்குக் கொடுத்து, பதிலுக்குப் பாடம் வாங்குகிறார். அந்தச் சிறுவர்களின் பெயரைச் சொல்ல ஆசைதான், ஆனால் சொல்லமாட்டேன் என்கிறார். அடிமைக்கு எழுத்து சொல்லித்தந்தது இன்றும் அவர்களுக்குத் தலைகுனிவாகிவிடலாம் என்று. ஆனால் தெருவின் பெயரைச் சொல்கிறார், பக்கத்திலிருந்த கப்பல் கட்டும் இடத்தைக்கூடச் சொல்கிறார். எஸ்ஸேயில் அம்மாவின் நோயையோ அண்ணனின் சிறைவாசத்தையோ எழுதலாமா என்று தவிக்கும் பிள்ளைகளுக்கு இந்தப் பக்கத்தைக் கொடுத்துவிடுவேன். எதைக் காட்டினால் கதை நிற்கும், எதை மறைத்தால் ஒருவர் காப்பாற்றப்படுவார் என்று அவர்களே பேசி முடிவு செய்வார்கள். கேட்காமலே அம்மாவிடம் அனுமதி வாங்கி வந்தவர்கள் உண்டு.

ஜனவரியில் விண்ணப்பம் போனதும் சீனியர்கள் காற்றுப்போன டயர் மாதிரி ஆகிவிடுவார்கள். பயப்படாதீர்கள், திட்டாதீர்கள். அந்த நேரத்தில் தடித்த நாவலை எடுக்காமல், நாடகம் எடுத்து எழுந்து நடிக்கச் செய்வது எனக்குச் சரியாக வருகிறது. கல்லூரிப் பதில்கள் வந்துகொண்டிருக்கிற மார்ச் கடைசியில் புதிதாக எதையும் தொடங்கவேண்டாம். பாதிப் பேர் ஃபோனைப் பார்த்துக்கொண்டும் மீதிப் பேர் அழுதுகொண்டும் இருப்பார்கள்.

ஏப்ரலில் மறுபடியும் ஒரு எஸ்ஸே கேளுங்கள். 650 வார்த்தை வரம்பு கிடையாது, ப்ராம்ப்ட் கிடையாது, எந்தக் கல்லூரிக்கும் போகாது. தேவைப்பட்டால் செப்டம்பரில் எடுத்து வைத்த அந்த ஐந்து வாக்கியத் தாளைத் திருப்பிக் கொடுங்கள். அதற்குத்தான் பத்திரப்படுத்தச் சொன்னேன். நான் மதிப்பெண் போடுவதில் பாதியை இந்தக் கட்டுரைக்கு வைத்திருக்கிறேன், முதல் நாளே சொல்லியும் விடுவேன்.

முதல் நாள் என்ன செய்வது என்று தனியாகக் கேட்டிருந்தீர்கள். வருகைப்பதிவு எடுங்கள். புகார் சட்டத்தைச் சொல்லுங்கள். அப்புறம் ஹேடன் கவிதையை நீங்களே சத்தமாக, அவசரமில்லாமல், இரண்டு தடவை வாசியுங்கள். அந்த இரண்டாவது வார்த்தையைப் பற்றி அன்று வாயே திறக்காதீர்கள். மறுநாள் யாராவது ஒருவர் கேட்டுக்கொண்டு வருகிறாரா பாருங்கள்.